மலை ஏறும்போது உதறும் கார்: போனும் லேப்டாப்பும் கொண்டு காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

சமதளத்தில் சமர்த்தாக ஓடும் கார், கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறத் தொடங்கியதும் உதறுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் உதறல். காலை எடுத்தால் நின்று விடுகிறது. கல்வராயன் மலைப் பக்கம் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது பழக்கமான தொல்லைதான். கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஒர்க்‌ஷாப்பில் விட்டால் முதலில் பிளக் மாறும். உதறல் போகாது. அடுத்து வீல் பேலன்சிங். அதற்கும் அடங்காது. பிறகு இன்ஜின் மவுண்டிங், கிளட்ச் பிளேட் என்று பில் நீளும். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் ஓட்டிப் பார்ப்பது ஊருக்குள் சமதளச் சாலையில். உதறல் வருவதோ மலையில்.

இப்போது ஓடும் காரில் இன்ஜினை நடத்துவதே ஒரு கம்ப்யூட்டர்தான். அது பார்த்ததைக் கேட்டு வாங்க முடியும். அது பார்க்காததை உங்கள் போனில் உள்ள சென்சார் பார்த்துச் சொல்லும். ஒரு ஆண்ட்ராய்ட் போன், ஒரு லேப்டாப், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ப்ளூடூத் அடாப்டர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதைப் பணம் செலவழிக்கும் முன்னரே பெருமளவு முடிவு செய்து விடலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு டேஷ்போர்டில் நிலையாக எரிந்தால், வண்டியை மெதுவாக ஓட்டிச் சென்று சோதிக்கலாம். அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகிக் கெட்டு விடும். அதன் விலையோடு ஒப்பிட்டால் பிளக் விலை ஒன்றுமே இல்லை. எனவே விளக்கு மின்னினால் ஆக்சிலரேட்டரை விடுங்கள். அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். கோடைக் காலமாக இருந்தால் காய்ந்த புல், சருகு மேல் நிறுத்தாதீர்கள். சூடான கன்வர்ட்டர் காருக்கு அடியில்தான் இருக்கிறது.

உதறலுக்கு ஒரு தாளம் உண்டு

காரில் சுற்றும் பொருள்கள் இரண்டு கூட்டம். இன்ஜினோடு சுற்றுபவை ஒரு கூட்டம், சக்கரத்தோடு சுற்றுபவை இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் நடுவே கியர் பாக்ஸ் இருப்பதால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றுகின்றன. உதறல் எந்தக் கூட்டத்தின் வேகத்தோடு சேர்ந்து வருகிறது என்று தெரிந்தால், பாதிச் சந்தேகம் தீர்ந்தது. கைக்கும் காதுக்கும் இது எளிதில் பிடிபடாது. எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணக்கு மிக எளிது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிகிறது. அந்த ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால், இரண்டு சுற்றுக்கு ஒரு குலுக்கல் வரும். எனவே ஆர்பிஎம்மை 120 ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை குலுக்கல் என்று கிடைத்து விடும். 2,400 ஆர்பிஎம்மில் இது 20 ஹெர்ட்ஸ். இன்ஜின் மூன்று சிலிண்டரோ, நான்கு சிலிண்டரோ, விடை இதுதான்.

சக்கரத்துக்கு, டயரின் சுற்றளவு தேவை. டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டித் தரையில் அளந்து கொள்ளுங்கள். 155/80 ஆர்13 அளவுள்ள சிறிய கார் டயருக்குச் சுமார் 1.8 மீட்டர் வரும். வேகத்தை 3.6 ஆல் வகுத்து, வருவதைச் சுற்றளவால் வகுக்கவும். 30 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு 4.6 முறை சுற்றுகிறது. 20 எங்கே, 4.6 எங்கே! போனில் உள்ள சென்சார் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டி விடும்.

இங்கே மலைச் சாலையால் நமக்கு ஒரு நன்மை உண்டு. சமதளத்தில் இன்ஜினுக்குப் பளு கொடுக்க வேண்டுமானால் வேகத்தைக் கூட்டிக் கொண்டே போக வேண்டும். ஆர்பிஎம்மும் கூடவே ஏறுவதால் தாளம் நிலையாக இருக்காது. ஏற்றத்தில் ஒரே வேகத்தில், ஒரே ஆர்பிஎம்மில் போனாலும் இன்ஜின் முழு மூச்சாக இழுத்துக் கொண்டிருக்கும். பெரிய கம்பெனிகள் உருளைகள் மேல் காரை நிறுத்திச் செய்யும் சோதனையைக் கல்வராயன் மலை இலவசமாகச் செய்து தருகிறது. கோமுகி அணைப் பக்கமிருந்து மேலே போகும் வழியில், வளைவு குறைந்த, ரோடு சுமாராக இருக்கும் ஒரு ஏற்றத்தைத் தேர்வு செய்து கொள்ளுங்கள்.

போனில் தாளம் பிடிப்பது

ஜெர்மனியின் ஆஹன் நகரில் உள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகம், இயற்பியல் மாணவர்களுக்காக 2016ல் ஃபைஃபாக்ஸ் என்ற ஆப்பை வெளியிட்டது. முற்றிலும் இலவசம். விளம்பரத் தொல்லையும் இல்லை. பிளே ஸ்டோரில் பி-எச்-ஒய்-பி-எச்-ஓ-எக்ஸ் என்று எழுத்துக் கூட்டித் தேடி இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். திறந்ததும் சோதனைகளின் பட்டியல் வரும். அதில் ஆக்சிலரேஷன் ஸ்பெக்ட்ரம் என்பதைத் தேர்வு செய்யவும். குலுக்கலை அளந்து, அதில் எந்தெந்த ஹெர்ட்ஸ் எவ்வளவு கலந்திருக்கிறது என்று வரைபடமாகப் பிரித்துக் காட்டும் பகுதி இது. எந்த ஹெர்ட்ஸில் குலுக்கல் அதிகமோ அங்கே கோடு கோபுரம் போல் உயர்ந்து நிற்கும்.

போனை எங்கே வைப்பது என்பது முக்கியம். சீட் மேல் வைத்தால் பஞ்சு குலுக்கலை விழுங்கி விடும். வளையும் ஸ்டாண்டில் மாட்டினால் ஸ்டாண்ட் ஆடுவதையும் சேர்த்துக் காட்டும். முன் சீட்டின் இரும்புத் தண்டவாளம் அல்லது தரையின் கெட்டியான பகுதியில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுவதே நல்லது. ஓட்டுபவரின் காலுக்குக் கீழ் உருண்டு போகாத இடமாக இருக்கட்டும்.

இதே சோதனையின் செட்டிங்ஸ் பகுதியில் எத்தனை அளவீடுகள் எடுக்க வேண்டும் என்று கேட்கும். 1,024 என்று கொடுங்கள். வினாடிக்கு 200 முறை அளக்கும் போனில் இதற்குச் சுமார் 5 வினாடி ஆகும், 0.2 ஹெர்ட்ஸ் துல்லியம் கிடைக்கும். அந்த 5 வினாடிகளுக்கு மட்டும் வேகமும் ஆர்பிஎம்மும் மாறாமல் இருக்க வேண்டும். சில போன்கள் வினாடிக்கு 100 முறை மட்டுமே அளக்கும். அப்படியானால் நேரம் இரு மடங்காகும். வரைபடமும் 50 ஹெர்ட்ஸோடு நின்று விடும். நமக்கு அதுவே போதும்.

ஓட்டிக் கொண்டே போனைத் தொடுவது கூடவே கூடாது. கொண்டை ஊசி வளைவில் அரை வினாடி கவனம் சிதறினாலும் ஆபத்து. அதற்கும் இந்த ஆப்பில் வழி இருக்கிறது. மெனுவில் ரிமோட் அக்சஸ் என்பதை இயக்குங்கள். போன் ஒரு முகவரியைக் காட்டும். போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, அந்த முகவரியை பிரவுசரில் டைப் செய்து என்டர் தட்டினால், போன் திரையில் உள்ள வரைபடம் லேப்டாப்பில் வந்து விடும். பின் சீட்டில் இருப்பவர் அங்கிருந்தே ஸ்டார்ட், ஸ்டாப் செய்யலாம். மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். இன்டர்நெட் தேவையில்லை, போனும் லேப்டாப்பும் தங்களுக்குள் பேசிக் கொண்டால் போதும்.

ஒவ்வொரு முறையும் வேகம், கியர், ஆர்பிஎம் மூன்றையும் பின் சீட்டுக்காரர் குறித்துக் கொள்ள வேண்டும். எக்ஸ்போர்ட் கொடுத்து எக்ஸெல் பைலாகச் சேமித்து, பைல் பெயரிலேயே இந்த விவரத்தைப் போட்டு விட்டால் வீட்டுக்கு வந்து குழம்ப வேண்டியதில்லை.

கோபுரம் எங்கே நிற்கிறது?

கணக்குப் போடவே பிடிக்காது என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. ஒரே வேகத்தில் ஒரு முறை இரண்டாம் கியரிலும், அடுத்த முறை மூன்றாம் கியரிலும் அதே ஏற்றத்தில் ஏறுங்கள். சக்கரத்தின் வேகம் மாறவில்லை; இன்ஜின் வேகம் மட்டும் மாறி விட்டது. கோபுரம் இருந்த இடத்திலேயே நின்றால் கோளாறு சக்கரப் பக்கம். கோபுரம் நகர்ந்தால் இன்ஜின் பக்கம்.

சக்கரப் பக்கம் என்றால் அதிலும் சில வகைகள். சக்கரச் சுற்றுக்கு ஒரு குலுக்கல் வந்தால் டயர், ரிம், பேலன்சிங் ஆகியவற்றைப் பாருங்கள். பேலன்சிங் கோளாறு ஆக்சிலரேட்டரைப் பொருட்படுத்தாது. காலை எடுத்தாலும் அந்த வேகம் இருக்கும் வரை குலுங்கும். 80, 90 கிலோமீட்டர் வேகத்தில்தான் அது நன்றாகத் தெரியும் என்பதால், மலையைவிட சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையே அதற்கு ஏற்ற இடம்.

சக்கரச் சுற்றுக்கு மூன்று குலுக்கல், அதுவும் மிதித்தால் மட்டும் வருகிறது என்றால், முன் சக்கரங்களை இழுக்கும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். அதற்குள் மூன்று உருளைகள் மூன்று பள்ளங்களில் ஓடுகின்றன. பள்ளம் தேய்ந்தால் பளு ஏறும்போது சுற்றுக்கு மூன்று முறை இடறும். நமது சிறிய காரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இது சுமார் 14 ஹெர்ட்ஸ். பிளக் மாற்றியும் போகாத உதறல்களில் இதுவும் ஒன்று. பார்ப்பவர்கள் குறைவு.

கல்வராயன் மலையில் கார்களைவிட ஜீப், பொலிரோ, பிக்கப் வேன்களின் நடமாட்டம் அதிகம். இவற்றில் இன்ஜின் முன்னால் இருந்து, நீண்ட புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரங்களை ஓட்டுகிறது. இந்த ஷாஃப்ட், சக்கரத்தைவிடச் சுமார் நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் பார்த்துக் கொள்ளவும். 215/75 ஆர்15 டயரின் சுற்றளவு 2.2 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு 5 சுற்று, ஷாஃப்ட் 20 சுற்று. ஷாஃப்ட்டில் எடை சமமில்லை என்றால் 20 ஹெர்ட்ஸில் கோபுரம் வரும். யு.ஜே. கிராஸ் தேய்ந்திருந்தால் சுற்றுக்கு இரண்டு குலுக்கல் என்பதால் 40 ஹெர்ட்ஸில் வரும். இந்த 20ஐப் பார்த்து இன்ஜின் மிஸ் ஆகிறது என்று ஏமாந்து விடாதீர்கள். 2,400 ஆர்பிஎம்மிலும் அதே 20தான் வருகிறது, இல்லையா? இதற்காகத்தான் கியர் மாற்றிப் பார்க்கும் சோதனை. கிராஸ் தேய்ந்த வண்டி கிளம்பும்போது அடியில் 'டக்' என்ற சத்தமும் கேட்கும். அந்த வண்டியில் ஆள் ஏற்றிக் கொண்டு மலை ஏறக் கூடாது. ஓட்டத்தில் கிராஸ் உடைந்து ஷாஃப்ட் கழன்றால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும்.

வண்டி கிளம்பும்போது, கிளட்சைப் பாதி விட்ட நிலையில் மட்டும் உதறி, முழுவதும் விட்டதும் அடங்கினால் அது கிளட்ச். அதற்கு எந்த ஆப்பும் வேண்டாம்.

மலை இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு 'இன்ஜின் இல்லாமலும் உதறுகிறதா' என்று பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இன்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

இன்ஜின் கம்ப்யூட்டரிடம் கேட்பது

கோபுரம் இன்ஜின் பக்கம் என்று தெரிந்து விட்டால் அடுத்து வருவது ஓபிடி சாக்கெட். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கத்தில், 16 பின்கள் கொண்டதாக இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்கள் முதல் ஓபிடி 2 கட்டாயமானது. இந்தியாவில் பிஎஸ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடியின் முதல் நிலையும், 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலையும் வந்தன. ஆனால் பிஎஸ் 4 முதலில் பெரிய நகரங்களில்தான் கட்டாயமாக இருந்தது; நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரலில். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது, தனி மாவட்டமானது 2019 நவம்பரில். எனவே 2017க்கு முன் இந்தப் பகுதியில் வாங்கிய வண்டியில் சாக்கெட் இருந்தாலும் எல்லா விவரமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 கார்களில் கவலையில்லை. பழைய ஜீப்புகளில் சாக்கெட்டே இருக்காது. அவற்றுக்கு மேலே சொன்ன போன் சோதனையோடு சரி.

கடைகளில் இஎல்எம்327 என்ற பெயரில் கிடைக்கும் அடாப்டர் இதற்குப் போதும். இந்த சிப்பை உருவாக்கிய கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2022ல் மூடப்பட்டு விட்டது. சந்தையில் இருப்பவை பெரும்பாலும் நகல்கள். கோடு படிக்கவும், ஆர்பிஎம் பார்க்கவும் நகல் போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண ப்ளூடூத் அடாப்டர் வாங்கி ஏமாற வேண்டாம். வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ என்று குறிப்பிட்டதைக் கேட்டு வாங்கவும்.

அடாப்டரைச் சாக்கெட்டில் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். போனில் ப்ளூடூத் மூலம் இணைக்கும்போது பாஸ்வேர்ட் கேட்டால் 1234 அல்லது 0000 கொடுக்கவும். டார்க் அல்லது கார் ஸ்கேனர் ஆப்பை இன்ஸ்டால் செய்து ஃபால்ட் கோட் பகுதிக்குச் செல்லுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ் ஆகிறது, பி0302 இரண்டாவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறி. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

கார் கம்ப்யூட்டர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது சுவையான விஷயம். பல இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டோடு ஒரு பல் சக்கரம் சுற்றுகிறது. 60 பல்லுக்கு இடம் இருக்கும். அடையாளத்துக்காக 2 பல் விட்டு 58 வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்க எவ்வளவு நேரமாகிறது என்று கம்ப்யூட்டர் அளந்து கொண்டே இருக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அந்த இடத்தில் சக்கரம் துளி மெதுவாகும். உடனே கணக்கில் எழுதிக் கொள்ளும். ஆனால் குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரம் துள்ளும் அதிர்வும் கிராங்க் வரை போகும் என்பதால், மோசமான ரோடு என்று தெரிந்தால் பல கார்கள் இந்தக் கணக்கைத் தற்காலிகமாக நிறுத்தி விடும். மலைச் சாலையில் உதறியும் கோட் எதுவும் பதிவாகவில்லை என்றால் இதுவும் ஒரு காரணம். 'கோட் இல்லை, கோளாறு இல்லை' என்று முடிவு கட்டி விடாதீர்கள். பென்டிங் கோட் என்ற பகுதியையும் திறந்து பாருங்கள்.

கோட் கிடைத்ததும் அழித்து விடாதீர்கள். ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பகுதியை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொள்ளுங்கள். கோட் பதிவான நொடியில் ஆர்பிஎம், வேகம், இன்ஜின் பளு, சூடு என்ன என்று அதில் இருக்கும். கோடை அழித்தால் இதுவும் போய் விடும். 28 கிலோமீட்டர் வேகம், 85 சதவீதப் பளு என்று இருந்தால், ஏற்றத்தில் இழுக்கும்போது மிஸ் ஆகியிருக்கிறது என்று பொருள். மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

பளுவில் மட்டும் மிஸ் ஆவது ஏன்? ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சிலிண்டருக்குள் காற்று அதிகமாகப் போகிறது, அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தீப்பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் தேவை. தேய்ந்த பிளக், கீறல் விட்ட காயில், ஈரம் ஏறிய வயர் இவையெல்லாம் ஐடிலிங்கில் சமாளித்து விடும். மலையில் கை விட்டு விடும். மழைக் காலத்துப் பனி மூட்டத்தில் தொல்லை கூடுவதற்கும் இதுதான் காரணம்.

பி0301 வந்தது என்பதற்காக உடனே பிளக் வாங்கி விடாதீர்கள். எந்தச் சிலிண்டர் என்றுதான் கோட் சொல்கிறது. என்ன கெட்டது என்று சொல்லவில்லை. செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள காராக இருந்தால், இன்ஜின் ஆறிய பின் சாவியை எடுத்து விட்டு, முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதற்கும், இரண்டாவதன் காயிலை முதலாவதற்கும் மாற்றி மாட்டுங்கள். கோடை அழித்து விட்டு அதே ஏற்றத்தில் ஏறுங்கள். இப்போது பி0302 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0301 ஆகவே இருந்தால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை இதே போல இடம் மாற்றுங்கள். பிளக்கும் நல்லது என்றால்தான் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். அது ஒர்க்‌ஷாப் வேலை. டீசல் வண்டிகளில் தீப்பொறியே கிடையாது என்பதால் இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே டீசல் ஃபில்டரிலும் இன்ஜெக்டரிலும் ஆரம்பிக்க வேண்டும்.

பெட்ரோல் குறைவா, காற்று கசிவா?

பி0171 அல்லது பி0300 வந்தால் ஃபியூயல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, கம்ப்யூட்டர் தன் வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக அல்லது குறைவாகப் பெட்ரோல் விடுகிறது என்பதே இது. ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் என இரண்டு இருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்க்கவும். பிளஸ் 5, மைனஸ் 5 என்று ஆடினால் கவலை வேண்டாம். ஐடிலிங்கில் பிளஸ் 20, ஆர்பிஎம் கூட்டினால் குறைகிறது என்றால், எங்கோ வேக்கம் டியூப்பில் ஓட்டை. ஐடிலிங்கில் சரியாக இருந்து, ஏற்றத்தில் பிளஸ் 20 என்றால் பெட்ரோல் போதவில்லை: பம்ப் பலவீனம் அல்லது ஃபில்டர் அடைப்பு. அல்லது, உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரில் தூசு படிந்து குறைவாகக் காட்டுகிறது. கரும்பு வண்டிகள் கிளப்பும் புழுதியில் தினமும் ஓடுபவர்கள் ஏர் ஃபில்டரை முதலில் திறந்து பார்ப்பது நல்லது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025ல் நாடு முழுவதும் வந்து விட்டதால் இங்கே ஒரு குழப்பம் வரலாம். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று தேவை. ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எனவே இந்தக் கலவையைச் சற்றுக் கூடுதலாக விட வேண்டியிருக்கும். பழைய கார்களில் டிரிம் சில சதவீதம் ஏறி நிற்பது இயல்பு. பிளஸ் 20க்கு எத்தனாலைக் குறை சொல்ல முடியாது. அதே சமயம், டேங்குக்குள் தண்ணீர் இறங்கி விட்டால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கி விடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். மழைக் காலத்தில் நாள்கணக்கில் நின்ற வண்டி திடீரென்று உதறினால் இதையும் யோசியுங்கள்.

உயரமும் ஒரு பங்கு வகிக்கிறது. கல்வராயன் மலையின் உயரம் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி. கடல் மட்டத்தில் 101 கிலோ பாஸ்கல் இருக்கும் காற்றழுத்தம், 3,000 அடியில் சுமார் 91 ஆகி விடும். இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்று பத்தில் ஒரு பங்கு குறைகிறது. இழுவையும் ஏறக்குறைய அதே அளவு குறையும். டர்போ இல்லாத பெட்ரோல் கார் மேலே போகப் போகச் சோர்வது கோளாறு அல்ல. உதறுவதுதான் கோளாறு. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஆப்பில் மேனிஃபோல்ட் பிரஷர் எண்ணைப் பாருங்கள். அந்த ஊரின் காற்றழுத்தத்தையே காட்டும். கச்சிராயபாளையத்தில் ஒரு முறை, வெள்ளிமலையில் ஒரு முறை பார்த்து, எண் குறையவே இல்லை என்றால் அந்த சென்சாரைச் சோதிக்க வேண்டும்.

லேப்டாப்பில் நேரடியாகப் பேசலாம்

ஆப் எதுவும் வேண்டாம், நானே கேட்டுக் கொள்கிறேன் என்பவர்களுக்கு இது. டயல் அப் மோடம் காலத்து வாசகர்களுக்கு ஏ.டி. என்று தொடங்கும் கட்டளைகள் நினைவிருக்கும். இஎல்எம்327 பேசுவதும் அதே பாணிதான். விண்டோஸில் அடாப்டரை ப்ளூடூத்தில் இணைத்து, அதற்கு எந்த காம் போர்ட் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் கொள்ளுங்கள். புட்டி என்ற இலவச சாப்ட்வேரைத் திறந்து, சீரியல் என்பதைத் தேர்வு செய்து அந்த எண்ணைக் கொடுத்து ஓப்பன் செய்யவும். ஏடிஇசட் என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் சிப் தன் பெயரைச் சொல்லும். அடுத்து ஏடிஎஸ்பி0 கொடுத்தால், உங்கள் கார் எந்த மொழியில் பேசுகிறது என்று அதுவே கண்டுபிடித்துக் கொள்ளும்.

இப்போது 010சி என்று கேளுங்கள். 41 0சி 2இ இ0 என்று பதில் வந்தால், கடைசி இரண்டும் ஹெக்ஸாடெசிமல் எண்கள். விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் நிலைக்கு மாற்றினால் 2இ என்பது 46, இ0 என்பது 224. 46ஐ 256 ஆல் பெருக்கி, 224ஐக் கூட்டி, 4 ஆல் வகுத்தால் 3,000 ஆர்பிஎம். 0107 என்று கேட்டால் லாங் டேர்ம் டிரிம் வரும். பதிலின் கடைசி எண் 98 என்றால் அது 152. அதிலிருந்து 128ஐக் கழித்து, 100 ஆல் பெருக்கி, 128 ஆல் வகுத்தால் பிளஸ் 18.75 சதவீதம். 03 என்று கேட்டால் பதிவான கோடுகள் வரும். 04 என்றால் எல்லாம் அழிந்து விடும். 'நிச்சயமாகவா' என்று கேட்காது. விளையாட்டாகக் கூட டைப் செய்யாதீர்கள்.

பழுது பார்த்த பின்

பாகம் மாற்றிய பின் கோடை அழித்து, அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே வேகத்தில் மீண்டும் ஃபைஃபாக்ஸை இயக்குங்கள். வண்டியில் முன்பு இருந்த அளவுக்கே ஆட்கள் இருக்கட்டும். பழைய எக்ஸெல் பைலையும் புதியதையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். முன்பு 20 ஹெர்ட்ஸில் நின்ற கோபுரம் இப்போது இல்லை என்றால் வேலை சரியாக முடிந்திருக்கிறது. பாதிதான் குறைந்திருக்கிறது என்றால் இன்னொரு காரணமும் உள்ளே இருக்கிறது; இன்ஜின் மவுண்டிங்கை அப்போது பார்க்கலாம். இரண்டு பைல்களையும் பாகம் வாங்கிய பில்லையும் ஒரே போல்டரில் போட்டு வையுங்கள். அடாப்டரைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி எடுத்து வைக்க மறக்க வேண்டாம். வண்டி நிற்கும்போதும் அது பேட்டரியைக் குடித்துக் கொண்டுதான் இருக்கும்.